7 மாதம் தாண்டியாச்சா? கால் வீக்கம், மூச்சு வாங்குதல், வயிறு இறுகுதல்... இதில் எது சாதாரணம், எது ஆபத்து?

பெருந்துறை சிப்காட் பக்கம் காலையில் கம்பெனி வேனில் வந்து இறங்கும் பெண்களில் 7 மாதம், 8 மாதம் ஆனவர்களும் உண்டு. காலையில் சரியாக இருந்த செருப்பு சாயங்காலம் இறுகிப்போகும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ராத்திரி மூன்று, நாலு தடவை பாத்ரூம் போக எழுந்திருக்க வேண்டியிருக்கும். வீட்டில் சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மாசமா இருந்தா இதெல்லாம் இருக்கறதுதான் கண்ணு."

அந்தப் பதில் முக்கால்வாசி நேரம் சரி. ஆனால் எல்லா நேரமும் சரியல்ல. கடைசி மூன்று மாதத்தில் வரும் ஆபத்துகளில் சில, சாதாரண மாற்றங்களைப் போலவேதான் தொடங்கும். சாயங்காலம் பாதம் வீங்குவது சகஜம். திடீரென்று முகமும் கையும் வீங்கினால் அது ரத்தக்கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். லேசாக மூச்சு வாங்குவது சகஜம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால் அது சகஜமில்லை.

இந்த வித்தியாசம் தெரிவது ஏன் முக்கியம்? 2018-20 காலகட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 97 தாய்மார்கள் இறந்தனர். தமிழ்நாட்டில் அது 54. நாட்டின் சராசரியைவிட நிலைமை மேல்தான். ஆனாலும் அந்த 54 பேரில் பலர், சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள். ரத்தப்போக்கும் ரத்தக்கொதிப்பும்தான் இதில் பெரிய வில்லன்கள்.

கடைசி மூன்று மாதத்தில் உடம்பில் என்னென்ன மாறும், எது வரை பொறுக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைசி 3 மாதம் எப்போது தொடங்கும்?

கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளில் இருந்து கணக்கு தொடங்கும். அதில் இருந்து 28 வாரம் முடிந்தால் கடைசி மூன்று மாதம் ஆரம்பம். மொத்தம் 40 வாரம், அதாவது 280 நாள்.

நம் வீடுகளில் "பத்து மாசம் சுமந்தேன்" என்பார்கள். டாக்டர் 9 மாதம் 7 நாள் என்பார். இரண்டும் ஒரே கணக்குதான். 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் பத்து மாதம் 280 நாள். காலண்டர் மாதமாக எண்ணினால் அது 9 மாதமும் சுமார் ஒரு வாரமும்.

டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியிலேயே குழந்தை பிறப்பது அபூர்வம். 20-ல் ஒரு குழந்தைதான் அந்தத் தேதியில் பிறக்கிறது. 37 வாரத்துக்கு மேல் பிறந்தால் முழு மாதக் குழந்தை. 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் அது குறைப்பிரசவ வலி. அதற்கு வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

உடம்புக்குள் என்னதான் நடக்குது?

சாதாரண நாளில் கர்ப்பப்பையின் எடை சுமார் 70 கிராம்தான். பிரசவ நேரத்தில் அது ஒரு கிலோவுக்கு மேல். உள்ளே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் தனி. உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அத்தனை ரத்தத்தையும் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கிறது. வளர்ந்த கர்ப்பப்பை மேலே நுரையீரல் பக்கமும் கீழே சிறுநீர்ப்பை பக்கமும் அழுத்துகிறது. ஹார்மோன்கள் மூட்டுகளையும் தசைகளையும் தளர்த்துகின்றன.

கீழே வரும் மாற்றங்கள் எல்லாம் கிட்டத்தட்ட இந்த நாலு காரணங்களில் இருந்து வருபவைதான்.

1. கால் வீக்கம்

ஏன் வருது? உடம்பில் நீர் கூடுதலாகத் தங்குகிறது. காலில் இருந்து மேலே ஏற வேண்டிய ரத்தத்தை கர்ப்பப்பை அழுத்தித் தடுக்கிறது. அதனால் நீர் பாதத்தில் இறங்குகிறது. மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், பஸ்ஸில் ரொம்ப தூரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போகிறவர்களுக்கும், வெயில் காலத்திலும் இது அதிகம்.

எது சாதாரணம்? இரண்டு பாதமும் கணுக்காலும் சாயங்காலம் வீங்கி, ராத்திரி காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடுவது.

எது ஆபத்து? காலையில் எழும்போதே வீக்கம் அப்படியே இருப்பது, மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்குவது, கண்ணைச் சுற்றியும் முகத்திலும் உப்புவது, ஒரே வாரத்தில் எடை தடாலடியாக ஏறுவது. இவை பிரீ-எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இந்த நோயில் பெரிய சிக்கல், தொடக்கத்தில் எந்த வலியும் இருக்காது என்பதுதான். "நல்லாத்தானே இருக்கேன்" என்று செக்கப்புக்குப் போகாமல் விட்டால் தெரியவே தெரியாது.

முற்றினால் அறிகுறிகள் வெளியே வரும். மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண் மங்கல், கண் முன்னால் பூச்சி பறப்பது போலத் தெரிவது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, வாந்தி. இதில் கடைசி இரண்டையும் பலர் "கேஸ் டிரபிள்" என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அடுத்த கட்டம் வலிப்பு. அது தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. நேரத்தோடு வந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டு வலிப்பைத் தடுக்க முடியும்.

இன்னொரு விஷயம். பிரசவம் முடிந்த பிறகும் சில வாரங்கள் வரை இந்த ரத்தக்கொதிப்பு வரலாம். குழந்தை பிறந்துவிட்டது, இனி பயமில்லை என்று தலைவலியை அலட்சியப்படுத்தக் கூடாது.

வீக்கத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். பார்லி கஞ்சி குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அது ரத்தக்கொதிப்புக்கு மருந்து ஆகாது. நீர் பிரியும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடவே கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, கெண்டைக்கால் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தைலம் போட்டு உருவி விடக் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

2. மூச்சு வாங்குதல், அசதி

ஏன் வருது? மேல்நோக்கி வளரும் கர்ப்பப்பை, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தை சுமார் 4 சென்டிமீட்டர் வரை மேலே தள்ளிவிடுகிறது. நுரையீரல் முழுதாக விரிய இடம் குறைகிறது. பிரசவத்துக்கு முன் வயிறு கீழே இறங்கியதும் இது கொஞ்சம் லேசாகும்.

எது சாதாரணம்? படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடுவது.

எது ஆபத்து? உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறல், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, நெஞ்சு படபடப்பு, நெஞ்சு வலி, விடாத இருமல். அதுவரை தெரியாமல் இருந்த இதய நோய் வெளியே தெரிய வருவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

அசதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆள் ரத்தசோகை. 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான நிலை. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஏற்கனவே ரத்தம் குறைவாக இருப்பவருக்கு அந்தக் கொஞ்சமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

- இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.
- எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் போன்றவற்றோடு எடுத்தால் சத்து நன்றாகச் சேரும்.
- கால்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போட வேண்டும்.
- மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அதற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.
- மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். இரும்புச் சத்தை ஊசியாக ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளில் உண்டு.

முருங்கைக்கீரை, கொள்ளு, கம்பு, எள் எல்லாம் நல்லதுதான். ஆனால் 8-ம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8 இருக்கும்போது கீரையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க நேரமில்லை.

3. இடுப்பு வலி, தூக்கம் வராமை

வயிற்றுப் பாரம் முன்னால் இழுப்பதால் முதுகு பின்னால் வளைகிறது. மூட்டு இணைப்புகளும் தளர்ந்திருக்கும். அதனால் இடுப்பு, முதுகு, தொடை இடுக்கு எல்லாம் வலிக்கும். ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் சகஜம். பாதத்தை மேல்நோக்கி மடக்கி நீட்டினால் பிடிப்பு விடும்.

28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பப்பை பின்னால் இருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. வலது பக்கமும் படுக்கலாம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்கு ஆறுதல். நடு ராத்திரி முழிப்பு வரும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும்.

இடுப்பு வலி விட்டுவிட்டு ஒரே இடைவெளியில் வந்தால் அது இடுப்பு வலியே இல்லை, பிரசவ வலியாக இருக்கலாம். காய்ச்சலோ, சிறுநீர் எரிச்சலோ சேர்ந்து வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் ஆஸ்பத்திரிதான்.

4. நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர்

இரைப்பையின் வாய் தளர்ந்து அமிலம் மேலே வருவதால் நெஞ்செரிச்சல். நெஞ்செரிச்சல் வந்தால் குழந்தைக்கு முடி நிறைய இருக்கும் என்ற பேச்சை நம்பி அப்படியே விட்டுவிட வேண்டாம். ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட்டால் குறையும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது.

மலச்சிக்கலும் மூலமும் பலருக்கு வருவதுதான். தண்ணீர், கீரை, பழம் உதவும். ஆசனவாயில் ரத்தம் வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வேலை இடத்தில் கழிப்பறைக்கு அடிக்கடி போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள் நிறையப் பேர். இது சிறுநீர்த் தொற்றுக்கு வழி விடும். அந்தத் தொற்று குறைப்பிரசவ வலியைக்கூடத் தூண்டலாம்.

5. அரிப்பு

வயிற்றுத் தோல் விரிவதால் கோடு விழும், லேசாக அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறுதல் கிடைக்கும். கோடு முழுசாகப் போகாது.

ஆனால் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, அதுவும் ராத்திரியில் தூங்க விடாமல் அரித்தால் அது வேறு. கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் வரும் நோயாக இருக்கலாம். தாய்க்கு வெறும் அரிப்புதான். நோய் கடுமையானால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். "சூடு" என்று சொல்லி விட்டுவிடக் கூடாத அறிகுறி இது.

6. குழந்தையின் அசைவு

கடைசி மூன்று மாதத்தில் தாய் கையில் இருக்கும் மிக நல்ல பரிசோதனை இதுதான். செலவு கிடையாது, மெஷின் வேண்டாம்.

"மாசம் நெருங்க நெருங்க குழந்தைக்கு இடம் பத்தாது, துடிப்பு குறையத்தான் செய்யும்" என்று சொல்வார்கள். இது தவறு. அசைவின் விதம் மாறும். முன்பு உதைத்த குழந்தை இப்போது உருளும், நெளியும், முட்டும். ஆனால் அசைவு குறையக் கூடாது. பிரசவ வலி வரும் வரையிலும் குழந்தை அசைந்துகொண்டேதான் இருக்கும்.

எப்படிக் கணக்கு வைப்பது?

- தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள வேண்டும்.
- வேறு வேலை பார்க்காமல், போனைக் கீழே வைத்துவிட்டு அசைவை எண்ண வேண்டும்.
- 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். பல குழந்தைகள் அரை மணி நேரத்திலேயே காட்டிவிடும்.
- 10 வரவில்லை என்றாலும், வழக்கத்தைவிட ரொம்பக் குறைந்துவிட்டதாக மனசுக்குப் பட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். ராத்திரி 2 மணியாக இருந்தாலும் சரி.

"விடியட்டும் பார்க்கலாம்" என்று காத்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. போய்ப் பார்த்து எல்லாம் நல்லாயிருக்கு என்று திரும்பி வந்தால் அது வீண் அலைச்சல் இல்லை.

7. சூட்டு வலியா, பிரசவ வலியா?

கடைசி மாதங்களில் வயிறு திடீரென்று கல் மாதிரி இறுகி, கொஞ்ச நேரத்தில் இளகும். கர்ப்பப்பை ஒத்திகை பார்ப்பது மாதிரிதான் இது. ஊர்ப்பக்கம் இதை சூட்டு வலி, பொய் வலி என்பார்கள். சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி என்று கணக்கு. முழு மாதம் ஆனவர் சீரகத் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் வலியை எடை போட அதைவிட நல்ல வழி கடிகாரம்.

பொய் வலி:
- இடைவெளி தாறுமாறாக இருக்கும்.
- நடந்தாலோ, திரும்பிப் படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ குறையும்.
- பெரும்பாலும் வயிற்றின் முன்பக்கம் மட்டும் இறுகும்.

உண்மையான வலி:
- ஒரு ஒழுங்கில் வரும். இடைவெளி குறைந்துகொண்டே வரும்.
- ஒவ்வொரு வலியும் முந்தினதைவிடக் கூடும், நீளும்.
- இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும்.
- என்ன செய்தாலும் அடங்காது.

முதல் பிரசவம் என்றால், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் சுமார் ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் கிளம்பிவிட வேண்டும். இரண்டாவது பிரசவம் வேகமாக நடக்கும். அதனால் வலி ஒழுங்குக்கு வந்ததுமே கிளம்புவது நல்லது. தோட்டத்துச் சாலையில், மெயின் ரோட்டில் இருந்து தள்ளி வீடு உள்ளவர்களும் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். ஏற்கனவே சிசேரியன் ஆனவர்கள் வலிக்காகவே காத்திருக்காமல், எப்போது வர வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

8. வயிறு இறங்குதல், பனிக்குடம் உடைதல்

முதல் கர்ப்பத்தில் பிரசவத்துக்கு 2 முதல் 4 வாரம் முன்பே குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கும். மூச்சு லேசாகும். ஆனால் சிறுநீர் இன்னும் அடிக்கடி வரும், நடை மாறும். மார்பில் இருந்து மஞ்சளாகச் சீம்பால் கசிவதும் சகஜம்.

பிரசவம் நெருங்கும்போது சளி மாதிரி கெட்டியாக, லேசான ரத்தக் கோட்டோடு வெள்ளை போகும். முழு மாதம் ஆனவருக்கு இது சாதாரணம். ஆனால் மாதவிடாய் போல ரத்தம் போனால் சாதாரணம் இல்லை. வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் போனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கலாம். வயிறு விடாமல் கல் மாதிரி இறுகி வலித்தால், ரத்தம் வெளியே வராவிட்டாலும், நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம். இரண்டிலும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பனிக்குடம் சினிமாவில் வருவது போலக் குபுக்கென்று உடைய வேண்டும் என்று இல்லை. சொட்டுச் சொட்டாக, அடக்க முடியாமல் கசிந்துகொண்டே இருக்கலாம். நாப்கின் வைத்து, எப்போது தொடங்கியது, என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டு, வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் அவசரம்.

உடனே கிளம்ப வேண்டிய 10 அறிகுறிகள் - ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்

- குழந்தை அசைவு குறைவது அல்லது நின்றுபோவது
- எந்த அளவு ரத்தப்போக்கானாலும்
- பனிக்குட நீர் கசிவது
- 37 வாரத்துக்கு முன்பே ஒழுங்காக வரும் வலி
- விடாத தலைவலி, கண் மங்கல்
- முகம், கை திடீர் வீக்கம்
- வலது பக்க மேல் வயிற்று வலி
- சும்மா இருக்கும்போதே மூச்சு திணறல், நெஞ்சு வலி
- காய்ச்சல், சிறுநீர் எரிச்சல்
- வலிப்பு, மயக்கம்

வேலைக்குப் போகும் பெண்களுக்கு என்ன உரிமை?

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்பவர்களுக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பிரசவத்துக்கு முந்தைய சுமார் 10 வாரங்களில், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால், பாரம் தூக்கும் வேலையோ ரொம்ப நேரம் நின்றே பார்க்கும் வேலையோ கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுப்பது நல்லது. மகப்பேறு விடுப்பில் இருப்பவரை அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதும் சட்டவிரோதம். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போறீங்களா?

7-ம் மாதமோ 9-ம் மாதமோ வளைகாப்பு நடத்தி, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதுவரை பெருந்துறையில் பார்த்த டாக்டருக்கு அவரது உடம்பு தெரியும். புது ஊர் டாக்டருக்குத் தெரியாது. இடம் மாறும் அந்த இரண்டு, மூன்று வாரத்தில் செக்கப் விட்டுப்போவதும் நடக்கிறது. ரத்தக்கொதிப்பு தலைகாட்டுவதும் இதே வாரங்களில்தான்.

அதனால் சீர்வரிசையோடு இதையும் எடுத்து வைக்க வேண்டும்:

- தாய் சேய் நல அட்டை, பிக்மி எண்
- ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம், ரத்த வகை உள்பட
- சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு
- ஆதார், வங்கிப் புத்தக நகல்

போன ஒரு வாரத்துக்குள் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். பிக்மி எண் இருந்தால் அவர் விவரங்களைக் கணினியிலேயே பார்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவைப்படும்.

கடைசி மாதத்தில் எல்லாம் நன்றாக இருந்தாலும் வாரம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடக்கும்.

பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் எங்கே போவது?

சாதாரணச் செக்கப்புக்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ரத்தக்கொதிப்பு, ரத்தப்போக்கு, குறைப்பிரசவ வலி போன்றவற்றுக்கு எல்லா வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது இந்தப் பகுதிக்குப் பெரிய பலம். ஊர்க்காரர்கள் பலர் இன்னும் "சானடோரியம்" என்று சொல்லும் அதே இடம்தான்.

- 108: அவசர ஆம்புலன்ஸ், இலவசம்
- 102: பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிடும் தாய் சேய் ஊர்தி
- 104: மருத்துவ ஆலோசனை
- 14416: மனசு ரொம்பச் சோர்வாக, பயமாக இருந்தால் பேச டெலி மானஸ்

அடிக்கடி கேட்கும் 4 கேள்விகள்

குங்குமப்பூ பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? பிறக்காது. நிறம் பெற்றோரின் மரபணுவைப் பொறுத்தது.

விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் வலி வருமா? வயிற்றுப்போக்கும் நீர்ச்சத்து இழப்பும்தான் நிச்சயம் வரும். டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

தேதி தாண்டிவிட்டால்? ஓரிரு நாள் தாண்டினால் பயமில்லை. ஆனால் வீட்டிலேயே காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். 41 வாரம் ஆனால் பெரும்பாலும் வலி வர மருந்து கொடுப்பது பற்றி முடிவு செய்வார்கள்.

வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா சொல்ல முடியுமா? முடியாது. ஸ்கேனில் பார்த்துச் சொல்வதும் கேட்பதும் 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

கடைசி மூன்று மாதத்தில் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று முதலில் உணர்வது அந்தப் பெண்தான். பல வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது மட்டும் வேறு யாரோ. "என்னமோ சரியில்லை" என்று அவர் சொன்னால், "இருக்கறதுதான் கண்ணு" என்று சொல்வதற்கு முன் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: "தலை வலிக்குதா? குழந்தை அசையுதா?" பதிலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வண்டியை எடுத்துவிட வேண்டும். மீதியை ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்துச் சொல்லட்டும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. ஒவ்வொரு கர்ப்பமும் வேறு. உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பின்பற்றுங்கள்.)